காளை யார் பேரில்?

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கு, மோட்டார், வரப்போரத் தென்னை வரை எழுதுகிறோம். தொழுவத்துக் காளைக்கு ஒரு வரி இருப்பதில்லை. நத்தம், புகையிலைப்பட்டி வாடிவாசல்களுக்குக் காளை வளர்க்கும் வீடுகளில் அண்ணன் தம்பி பிரிந்தபின் சண்டை அங்கேதான் மூள்கிறது. ஒருவர் காதுவில்லையின் 12 இலக்க எண்ணைக் காட்டி, “என் பேர்லதான் பதிஞ்சிருக்கு” என்பார். மற்றவர், “கன்னுக்குட்டியில இருந்து தீனி வச்சது நானு” என்பார்.

காதுவில்லை உரிமைப் பத்திரம் அல்ல. தடுப்பூசிக்கும் இனவிருத்திக்கும் வைக்கும் கணக்கு. சாட்சியமாக அதற்கு எடை உண்டு, அவ்வளவே. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அப்போதைக்குக் கைவசம் வைத்திருப்பவரையும் ‘உரிமையாளர்’ என்கிறது. அது பராமரிக்கும் பொறுப்பைச் சுமத்துவதற்காக. அதை வைத்து உடைமை கோரி வழக்குரை எழுதினால் நிற்காது.

காளையும் நாயும் நம் சட்டத்தில் அசையும் சொத்துதான். இழப்பீட்டுப் பணம் போதாது என்ற நிலையில் பொருளையே திருப்பிக் கேட்க, 1963ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 8ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆனால் எதிராளி உரிமையாளராக இருக்கக் கூடாது. பொதுக் குடும்பப் பணத்தில் வாங்கிய காளை என்றால் அது பாக வழக்கு. இதைக் கட்சிக்காரரிடம் முதல் நாளே கேட்டுத் தெளியுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 20, விதி 10இன்படி, பொருளை ஒப்படைக்க முடியாவிட்டால் தர வேண்டிய தொகையையும் தீர்ப்பாணையில் குறிக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணத்துக்குப் பயந்து மதிப்பைக் குறைத்துப் போட்டால், கடைசியில் கையில் மிஞ்சுவது அந்தச் சொற்பத் தொகையாகிவிடலாம். காலவரம்பு மூன்றாண்டு, ஒரு சிப்பிப்பாறை நாய்க்கு அது இளமை முழுவதும்.

கணவன் மனைவி வழக்குகளில் பாதை வேறு. 2023இல் மும்பை பாந்த்ரா மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பிரிந்து வாழும் பெண்ணுக்கு மாதம் 50,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் வழங்கியபோது, அவரை நம்பியிருந்த மூன்று ராட்வைலர் நாய்களையும் கருத்தில் கொண்டது. நாயையே மீட்க வேண்டுமானால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 19(8) பிரிவில் ‘வேறு எந்தச் சொத்தும்’ என்ற சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டும். ஸ்பெயினில் 2022 முதல் விலங்கின் நலத்தையும் பார்த்தே நீதிபதி முடிவெடுக்கிறார். நமக்கு அப்படிச் சட்டம் வரும்வரை சமரச மனுதான் கைகொடுக்கும்.

அதில் காளை எந்தத் தொழுவத்தில் நிற்கும், பருத்திக்கொட்டைச் செலவு யாருடையது, வைத்தியம் யார் பார்ப்பது என்று எழுதுங்கள். வாடிவாசல் மைக்கில் யார் பேரைச் சொல்லி அவிழ்ப்பது என்பதையும் எழுதுங்கள். பல வீடுகளில் வழக்கே அந்தப் பேருக்காகத்தான்.