களிமண்ணின் விளிம்பும் கணினியின் சமதளமும்

2011ஆம் ஆண்டு ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின், சுற்றுவட்டார வயல்களைத் தூய்மை செய்ய மேல்மண்ணை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அளவிற்குச் சுரண்டி அகற்றினார்கள். அவ்வளவே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. மழைநீர் சீசியத்தை ஆழத்திற்குக் கொண்டுசெல்லவில்லை. அதைப் பிடித்து வைத்தவை களிமண் கனிமங்கள்.

இக்கனிம அடுக்குகளில் சிலிக்கானின் இடத்தில் அலுமினியமும், அலுமினியத்தின் இடத்தில் மக்னீசியமும் அமரும்போது எதிர்மின்சுமை எஞ்சுகிறது. அதை ஈடுசெய்ய நேர்மின் அயனிகள் வந்து ஒட்டுகின்றன. சோடியம் தன் நீர்உறையோடு சற்றே விலகி நிற்கும். சீசியமோ உறையை எளிதில் உதறிவிட்டு நேரடியாகப் பரப்பைத் தொடும். இந்த வேறுபாட்டை அணு அணுவாகக் காட்டுவது மூலக்கூறு இயக்கவியல் உருவகப்படுத்தலின் அரிய பயன். ஆய்வகக் குடுவை எவ்வளவு ஒட்டியது என்று சொல்லும். எவ்வாறு ஒட்டியது என்பதை அது தனியே சொல்லாது.

ஆனால் கணினி, தன்னிடம் வரைந்து கொடுத்த பரப்பைப் பற்றி மட்டுமே பேசும். பெரும்பாலான உருவகப்படுத்தல்கள் முடிவின்றி நீளும் ஒரு சமதளத்தையே எடுத்துக்கொள்கின்றன. சீசியத்தை இறுகப் பற்றுவதோ, இல்லைட் போன்ற கனிமங்களில் அடுக்குகள் விரிந்து கிடக்கும் பிசிறு விளிம்புகள். எண்ணிக்கையில் அவை மிகச் சிறு பங்கு. பிடிப்பில் அவையே முதன்மை.

2004இல் சைகன், லியாங், கலினிச்செவ் ஆகியோர் வெளியிட்ட 'கிளேஃப்' என்னும் விசைப்புலம் இத்துறையில் பரவலாகக் கையாளப்படுகிறது. எளிய படிகங்களின் அமைப்புகளிலிருந்து வகுக்கப்பட்ட அதில், விளிம்பு ஹைட்ராக்சில்களுக்குரிய திருத்தங்கள் பின்னரே சேர்ந்தன. எழுத்து வழக்கைக் கொண்டு வகுத்த இலக்கணத்தால் பேச்சு வழக்கை அளப்பது போன்ற இடர் இது: விதியில் பிழையில்லை, எல்லை மீறியதே பிழை. காலமும் அவ்வாறே. கணினி காண்பது சில நூறு நானோ வினாடிகள். மண்ணில் சீசியம் இறுகுவது மாதங்களிலும் ஆண்டுகளிலும்.

இது வெறும் முறையியல் வாதம் அன்று. அணுக்கழிவுப் புதைவிடங்களுக்குப் பென்டோனைட் களிமண்ணை அரணாக்கலாம் என உலகெங்கும் ஆராய்கிறார்கள். சீசியம்-137இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 30 ஆண்டுகள். கழிவிலுள்ள வேறு சில தனிமங்களுக்கோ பல்லாயிரம் ஆண்டுகள். அத்தகைய முடிவுகளுக்குச் சான்றாக வைக்கப்படும் ஓர் எண், எந்தப் பரப்பில் எந்த அனுமானத்தில் பிறந்தது என்பது தெரிந்தே ஆகவேண்டும்.

எனவே இந்தியப் பல்கலைக்கழகங்களில் உருவகப்படுத்தலைச் சார்ந்து எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேடும் மூன்றைச் செய்வது முறை: எந்தப் பரப்பும் விசைப்புலமும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன எனச் சொல்லுதல், உள்ளீட்டுக் கோப்புகளைப் பொதுவில் வைத்தல், ஒரு சோதனை அளவீட்டோடேனும் ஒப்பிடுதல். வண்ணப் படங்களைக் கண்டு வியக்கும் புறத்தேர்வாளர், 'விளிம்பு எங்கே?' என்று ஒருமுறை கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.