அம்மோனியா இல்லாத டை, ஆனா கண்ணைத் திறக்க முடியல

பார்லர் காசை மிச்சம் பண்ண வீட்லயே டை அடிக்கறவங்களைத் திட்டி ஒரு வீடியோ சுத்துது. பார்லர்தான் பாதுகாப்பாம். கோபத்துல எழுதற த்ரெட் இது.

போன வாரம் ஓ.பி.க்கு ஒரு அம்மா வந்தாங்க. ரெண்டு கண்ணும் வீங்கி மூடியிருக்கு, காதோரம் நீர் வடியுது. "அம்மோனியா இல்லாததுதான் டாக்டர், பத்து வருஷமா அடிக்கறேன்."

அம்மோனியா மூக்கையும் கண்ணையும் எரிக்கும். ஆனா இந்த அலர்ஜிக்கு முக்கியக் காரணம் பிபிடி, அதாவது பாரா ஃபினைலீன் டையமின். முடியைக் கருப்பாக்கறதே அதுதான். பார்லர்ல பூசற கருப்பு டை பெரும்பாலானதுலயும் அதேதான் இருக்கு, கூலி மட்டும் தனி. 'கருப்பு மருதாணி'ன்னு விக்கற பொடிகள் பலதுலயும் உண்டு. வெறும் மருதாணி இலை செம்பட்டைதான் தரும், கருப்பு தராது.

பத்து வருஷம் ஒத்துக்கிட்டது பதினோராவது வருஷம் ஒத்துக்காம போகலாம். ஒருதடவை அலர்ஜி வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது.

வீட்லயே அடிங்க, தப்பே இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் பாக்கெட்ல சொன்னபடி காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்க. அரிச்சா அந்த டை வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி டை வாங்கினா இதுக்கு ஏது நேரம்? புருவத்துக்கு, மீசைக்கு வேண்டவே வேண்டாம். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே 108.

டப்பா முன்னாடி 'அம்மோனியா இல்லை'ன்னு கொட்டை எழுத்துல போடறாங்க. பிபிடி இருக்கறதை மட்டும் ஏன் பின்னாடி எறும்பு எழுத்துல போடறாங்க?