கல்லறை எழுத்தும் கடைச்சாவியும்

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் கல்லறை ஒன்று இருக்கிறது. அங்குள்ள கற்பலகைகளில் பெயரும் இறந்த தேதியும் குடும்பச் சின்னமும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. செதுக்கியவர்களின் எசமானான ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1799ஆம் ஆண்டின் கடைசி நாளோடு இல்லாமல் போயிற்று. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஊரும் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆனால் டச்சு மொழி அறிந்த எவரும் அப்பலகைகளை இன்றும் வாசித்துவிடலாம். கம்பெனி உயிரோடிருந்து ஒப்புதல் தந்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும் என்கிற ஏற்பாட்டை அந்த வணிகர்கள் செய்து வைத்திருக்கவில்லை. அவர்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல, அதற்கான தொழில்நுட்பம் அவர்களிடம் இல்லை என்பதால்தான்.

இன்றைய கம்பெனிகளிடம் அது இருக்கிறது. கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்னும் கடை, 2019 ஜனவரி 1 அன்று விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா ஆகிய இயங்குதளங்களைக் கைவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றையும் கைவிட்டது. அந்தக் கணினிகளில் கடைச்செயலியோ, அதன்வழி வாங்கிய ஆட்டங்களோ இனி இயங்குமென்று உறுதி சொல்ல முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். சொல்லப்பட்ட காரணம், செயலிக்குள் பொதிந்திருக்கும் குரோம் உலாவி பழைய விண்டோஸில் இயங்காது என்பது. காரணம் மெய்தான். ஆனால் அது கடையின் முகப்புக்கான காரணமேயன்றி ஆட்டத்துக்கானது அல்ல. 2004இல் வெளிவந்த ‘ஹாஃப் லைஃப் 2’ எக்ஸ்பி காலத்துக் கணினிக்காகவே எழுதப்பட்ட ஆட்டம். அன்றே அதை ஸ்டீம் வழியாகத்தான் திறக்க முடியும் என்று கட்டாயப்படுத்தினார்கள். பதினைந்தாண்டுகள் கழித்து, எந்தக் கணினிக்காக அது பிறந்ததோ அந்தக் கணினியிலேயே கடையின் கதவு சாத்தப்பட்டது. வீட்டுக்குள் பொருள் பத்திரமாக இருக்கிறது. வாசற்பூட்டை மட்டும் கடைக்காரர் மாற்றிவிட்டார். கடையை நாடாமலே இயங்கும் ஆட்டங்களும் ஸ்டீமில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எது அப்படி, எது அப்படியல்ல என்று வாங்குகிறவனுக்கு யார் சொல்கிறார்கள்?

இலக்கியப் பக்கத்தில் இதை ஏன் எழுதுகிறாய், பிள்ளைகள் ஆடும் ஆட்டம்தானே என்று சில நண்பர்கள் புன்னகைப்பது தெரிகிறது. ஒரு காலத்தில் நாவலைப் பார்த்தும், பின்னர் சினிமாவைப் பார்த்தும் புன்னகைத்தவர்களின் வாரிசுகள் அவர்கள். அவர்களிடம் வாதம் செய்யாமல் ‘வெண்பா’வைக் காட்டுகிறேன். 2023 ஜூலையில் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ஆட்டம். எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாயிடமிருந்து வந்த சமையற்குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை ஆடுகிறவர் ஊகித்து, இட்லியும் பிரியாணியும் சமைத்துக் கதையை நகர்த்த வேண்டும். வீட்டுத் தமிழிலிருந்து மெல்ல விலகிச் செல்லும் மகனின் மௌனத்தைச் சில நிமிடங்களில் அது உணர்த்திவிடுகிறது. புலம்பெயர் வாழ்வைப் பற்றி நாம் அச்சிட்ட பல தொகுப்புகளில் இந்தச் சிக்கனம் கிடையாது. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதை அது பெற்றது. அழிந்த குறிப்பேட்டை மீட்பதையே கருவாகக் கொண்ட இந்தப் படைப்பு 2044இல் திறக்குமா? தமிழ்க் கலையின் ஒரு பகுதி குறித்த கேள்வி இது. பிள்ளை விளையாட்டு அல்ல.

ஏழைக்கு இதில் என்ன என்பது அடுத்த புன்னகை. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளின் கணினிகள் விண்டோஸ் 7 காலத்தவை. கல்பாக்கத்திலும் புதுப்பட்டினத்திலும் மட்டுமல்ல, மாநிலம் நெடுக எத்தனையோ வீடுகளில் முதற்கணினி அதுதான். ஸ்டீம் 2015இல்தான் ரூபாயில் விலை வைத்தது. அதாவது, நம் இளைஞர்கள் திருட்டுத் தகட்டை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கிய பருவமும் அந்தப் பழைய கணினிகளின் பருவமும் ஒன்றே. ஒழுங்காக வாங்கியவனுக்குக் கதவு சாத்தப்படுகிறது. பர்மா பஜாரில் தகடு வாங்கியவனுடைய ஆட்டம் பழைய கணினியில் இன்றும் ஓடுகிறது. ஒழுக்கத்துக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பை நான் அறியேன்.

“ஒப்பந்தத்தில் ‘சம்மதம்’ என்று நீதானே சொடுக்கினாய்?” என்பார்கள். ஆம், பொருள் விற்கப்படவில்லை, உரிமமே தரப்படுகிறது என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. ஆனால் கடையின் பொத்தானில் ‘வாங்கு’ என்றும், வாங்கியவற்றின் பட்டியலுக்கு ‘லைப்ரரி’ என்றும் பெயர் வைத்தவர்களும் அவர்களே. எத்தகைய லைப்ரரி இது! 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், மூக்குக்கண்ணாடியை மாற்றாதவர்களுக்கு இனிப் புத்தகம் இல்லை என்று இதுவரை சொன்னதில்லை. கலிபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றி, 2025 தொடக்கம் முதல், உரிமம் மட்டுமே தரும்போது அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று விற்பதைத் தடுத்திருக்கிறது. சொல்லின் நேர்மைக்காவது அங்கே ஒரு சட்டம் வந்தது.

பாதுகாப்பு என்கிற வாதம் சற்றே கனமானது. பழைய இயங்குதளத்தை இணையத்தில் திறந்து வைப்பது ஆபத்து என்பதை ஏற்கிறேன். அப்படியானால் கடைசியாக இயங்கிய செயலியை இணையமின்றித் திறக்கும்படி ஒருமுறை செய்து கொடுத்துவிட்டு விலகட்டுமே. நுழைவுச் சோதனைக்காக இணையத்தைக் கட்டாயமாக்கிவிட்டு, இணையம் ஆபத்து என்று கதவைச் சாத்துவது எவ்வகை நியாயம்?

நமக்கு இந்த இழப்பு புதிதுமல்ல. மரத்தடியிலும் ராயர் காபி கிளப்பிலும் நாம் எழுதிக் குவித்தவை யாஹூ குழுமங்களில் இருந்தன. 2019 டிசம்பரில் யாஹூ தன் பரணைக் காலி செய்தபோது, யாரேனும் முன்பே எடுத்து வைத்தவை மட்டும் தப்பின. அதற்கு மாறான கதையும் நம்மிடம் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை ஒரு காலத்தில் திஸ்கி குறியேற்றத்தில் வைத்திருந்தது. திஸ்கி வழக்கொழிந்தது, நூல்கள் ஒழியவில்லை. அதன் அட்டவணை எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்ததால் மாற்றிகளை எழுத முடிந்தது, நூல்கள் யுனிகோடுக்கு வந்து சேர்ந்தன. மறைக்கப்பட்ட பூட்டு ஒன்று இடையில் இருந்திருந்தால்? கலைச்சொல் விவாதங்களில் நாம் செலவழித்த ஆற்றலில் ஒரு பங்கை இந்தக் கேள்விக்குச் செலவழித்திருக்கலாம். (யுனிகோடா ஒருங்குறியா என்று நடந்த சண்டை நினைவிருப்பவர்கள் மன்னிக்க.)

மேலை நாடுகளின் நிலையும் மெச்சத்தக்கதல்ல. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று காணொளி ஆட்ட வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. பாதுகாக்கப்பட்ட ஆட்டங்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க நூலகங்களுக்கு அனுமதி கேட்டார்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. 2014இல் வெளிவந்த ‘தி க்ரூ’ என்னும் ஆட்டத்தின் வழங்கியை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று அணைத்தபோது, தனியாக ஆடியவர்களுக்கும் அது இல்லாமல் போனது. அந்தக் கோபத்தில் எழுந்த ஐரோப்பியக் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது.

இங்கே கையொப்பமும் இல்லை, கோபமும் இல்லை. சட்டம் மட்டும் இருக்கிறது, அதுவும் பாதிக் கண்ணோடு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாராவுக்கும் போய்ச் சேர வேண்டும். ஆட்டத்துக்கு அப்படியொரு விதி இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், வணிக நோக்கற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்கிறது. உடனே ஒரு நிபந்தனை: மின்வடிவம் அல்லாத படி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். மின்வடிவிலேயே பிறந்த படைப்புக்கு அத்தகைய படி எங்கிருந்து வரும்? ஓலையில் இருந்தால் அச்சிடலாம், அச்சில் இருந்தால் மின்னாக்கலாம், மின்னாகவே இருந்தால் அழிய விடலாம் என்பதுதான் நடைமுறையில் இதன் பொருள்.

பாரதி பாடல்களின் உரிமையை, ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்த ஒலிப்பதிவு உரிமையும் சேர, 1949இல் அரசு பெற்றுக்கொண்டு பின்னர் மக்களுக்கு விட்டது. நாட்டுடைமை என்ற சொல்லை உலகுக்குக் கற்றுத்தரும் தகுதி நமக்கு இருக்கிறது. ஆட்டங்களை நாட்டுடைமையாக்கச் சொல்லவில்லை. படைப்பவர்கள் பிழைக்க வேண்டும். கேட்பது மிகச் சிறிது: அந்த நிபந்தனையை நீக்கி, மின்வடிவில் மட்டுமே உள்ள படைப்பையும் பொது நூலகம் பூட்டின்றிச் சேமிக்கலாம் என்று ஒரு வரி, ஓர் இயங்குதளத்தைக் கைவிடும் கடை, அதற்கு முந்நாள்வரை விற்றவற்றைத் தன் துணையின்றித் திறக்கும்படி செய்துவிட்டே விலக வேண்டும் என்று இன்னொரு வரி. ‘வெண்பா’வின் பூட்டற்ற படி ஒன்று, அதை எழுதியவர்களின் ஒப்புதலோடு, கன்னிமாராவின் அலமாரிக்கு முதலில் வரட்டும்.