கணக்கு நோட்டில் எழுத முடியாதவை

தருமபுரி மாவட்டத்துப் பெண்களுக்குத் தனிமை இருக்கிறது என்று சொன்னால் முதலில் வரும் பதில் சிரிப்புதான். "மாமனார், மாமியார், நாத்தனார், மாடு கன்னு, நூறு நாள் வேலை, குழுக் கூட்டம். இதில் எங்கே தனிமை? அதெல்லாம் பெங்களூரு அடுக்குமாடிக்காரர்களுக்கு வருகிற வியாதி" என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பொழுது சாய்ந்தால் டீக்கடை பெஞ்சு, ஆலமரத்தடி, கட்சிக் கொடிக்கம்பம், டாஸ்மாக் என்று உட்கார்ந்து பேச நான்கு இடம் உள்ளவர்கள். பேச இடம் உள்ளவர்கள் இடமே இல்லாதவர்களைப் பார்த்து உனக்கென்ன குறை என்று கேட்கிறார்கள்.

ஆளில்லாமல் இருப்பது வேறு, சொல்ல ஆளில்லாமல் இருப்பது வேறு. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் ஊர் ஊராக ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் பனியன் வேலைக்கும் போய்விடுகிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்ணைச் சுற்றி எட்டுப் பேர் இருப்பார்கள். எட்டுப் பேரும் அவளிடம் ஏதாவது கேட்பவர்கள். அவளைக் கேட்பவர் ஒருவரும் இல்லை. இந்தத் தனிமைக்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் இல்லை என்றாகிவிட்டது.

உலகம் இப்போது தனிமையைக் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறது. பிரிட்டன் 2018இல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. 2021இல் ஜப்பானும் அதைச் செய்தது. 2025 ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்றும், ஆண்டுக்கு 8,71,000க்கும் மேற்பட்ட மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு உண்டு என்றும் சொன்னது. நல்லது. ஆனால் மருந்து என்று சொல்லும்போது மட்டும் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: வெளியே போங்கள், நண்பர்களோடு பழகுங்கள், மனதில் இருப்பதை எழுதுங்கள். வெளியே போகக் காரணம் சொல்ல வேண்டியவளுக்கு, எழுதிய நோட்டை வைக்க ஒரு பூட்டு இல்லாதவளுக்கு, இந்த அறிவுரையால் என்ன பயன்?

இந்த மாவட்டத்தில் பெண்கள் கூடவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே இங்கிருந்துதான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்குப் போனது அது. வீட்டு வாசலைத் தாண்டாத பெண்கள் வங்கிக்குப் போனார்கள், கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது.

ஆனால் 35 ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போடக் கற்றவள் அதற்குப் பிறகு என்ன எழுதினாள்? வருகைப் பதிவு, சேமிப்பு, தவணை, தீர்மானம். குழுவின் நோட்டுகள் எல்லாமே பணத்தின் நோட்டுகள். அவள் பெயர் வாரந்தோறும் எழுதப்படுகிறது, அவள் எழுதப்படவே இல்லை.

இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. கடனுக்காகக் கூடிய குழுவில் ஒருத்தியின் துயரம் மற்றவர்களுக்கு ஆபத்து. நுண்கடன் நிறுவனங்களின் குழுக் கடனில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அப்படியிருக்க, "புருஷன் பணம் அனுப்பறதில்லை" என்று அவள் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவள் காதில் விழுவது என்ன? அடுத்த வாரத் தவணை போச்சு என்பதுதான். தோழியாக இருக்க வேண்டியவளை வசூல்காரியாக மாற்றியது யார் குற்றம்? அந்தப் பெண்ணின் குற்றம் அல்ல. பெண்களின் நம்பிக்கையையே அடமானமாக வாங்கிக்கொண்ட ஏற்பாட்டின் குற்றம்.

2023 ஜூலை 24 அன்று, மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் நம் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய் வரவேண்டியதுதான், உரிமை என்ற சொல்லும் சரிதான். ஆனால் நிலம் எத்தனை ஏக்கர், மின்சாரம் எத்தனை யூனிட், வருமானம் எவ்வளவு என்று கேட்கிற விண்ணப்பம்தான் நம் பெண்களில் பலர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிரப்பிய மிக நீளமான தாள். அதிலும் பாதியை வேறொருவர் நிரப்பிக் கொடுத்திருப்பார்.

ஆகவே ஊருக்கு ஊர் பெண்களின் எழுத்துக் குழுக்கள் வேண்டும் என்கிறேன். கடன் கொடுக்காத, வாங்காத குழுக்கள். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், பத்துப் பெண்கள் உட்கார்ந்து எழுதி, விரும்பினால் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டும் குழுக்கள்.

உடனே ஒரு கூட்டம் கைதட்டும். எழுதினால் மனப்பாரம் குறையும், மன அழுத்தம் போகும் என்று பயிற்சி வகுப்பு நடத்தக் கிளம்பிவிடும். அவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். தங்களை வதைத்த நிகழ்வுகளை நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது என்றது அது. எழுத்து மருந்து என்பவர்கள் இன்றுவரை காட்டுவது இதைத்தான். அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. எழுதிய உடனே அந்த மாணவர்களின் மனம் லேசாகவில்லை, கனத்தது. பின்னால் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சிறியது என்றே தெரிந்தது. எழுத்தை மாத்திரையாக விற்பவர்கள் இன்னொன்றையும் மறைக்கிறார்கள். அடிக்கிற கணவனும் வராத கூலியும் அப்படியே இருக்க, நீ மட்டும் எழுதி ஆறிக்கொள் என்பது பெண்ணுக்குச் செய்யும் நன்மை அல்ல. அது பொறுமைப் பாடத்தின் புதிய பதிப்பு.

எழுத்துக் குழுவின் பலன் எழுதுவதில் பாதி, கேட்கப்படுவதில் பாதி. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று எழுதியவள் அதை வாசிக்கும்போது எதிரே நாலு தலை ஆமோதித்து ஆடும். அந்த நிமிடத்தில் அவளுடைய விதி எல்லாருடைய பிரச்சினையாகிறது. தனிமை உடைவது அங்கேதான், அரசியல் தொடங்குவதும் அங்கேதான்.

இது கற்பனை இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள், சாராயத்தால் குடும்பம் அழிந்த ஒரு பெண்ணின் கதையைப் பாடமாகப் படித்தார்கள். இது நம்ம கதைதானே என்றார்கள். துபகுண்டா என்ற சிற்றூரில் பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்தத் தீ மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் அரசு சாராயத்தைத் தடை செய்ய நேர்ந்தது. எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர்களே எதிர்பார்க்காத பாடம் அது.

உத்தரப் பிரதேசத்தின் சீதாப்பூர் மாவட்டத்தில் ஒன்பது பெண்கள், அவர்களில் ஏழு பேர் கிராம அளவில் பணி செய்தவர்கள், தங்கள் குழந்தைப் பருவத்தையும் திருமணத்தையும் சாதியையும் பற்றி நாட்குறிப்பு எழுதி, அதைக் கூட்டாக விவாதித்து, 2004இல் 'சங்கதின் யாத்ரா' என்ற நூலாக்கினார்கள். பெண்களை முன்னேற்றுவதாகச் சொன்ன நிறுவனத்திலேயே தங்களுக்கு நேரும் ஏற்றத்தாழ்வையும் எழுதினார்கள். பாராட்டு வரவில்லை, நிறுவனத்தின் கோபம் வந்தது. பெண்கள் அழுதால் ஆறுதல் சொல்ல எல்லா நிறுவனங்களும் தயார். பெண்கள் ஆராயத் தொடங்கினால்தான் கசக்கிறது.

நம் வீட்டுக்கு வருவோம். 1992 ஜூன் 20. அரூர் பக்கம் வாச்சாத்தி மலைவாழ் மக்கள் கிராமத்தில் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். நடக்கவே இல்லை என்று சாதித்தது அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நிற்க, அந்தப் பெண்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தனித்தனியாக இருந்திருந்தால் அவர்களை உடைத்திருப்பார்கள். சேர்ந்து சொன்னதால் உடைக்க முடியவில்லை.

ஆனால் என்னை உறுத்துவது இது: இந்த மாவட்டத்தில் ஓர் ஏழைப் பெண்ணின் சொல்லை அரசு சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் அவள் கொடுமைக்கு ஆளாகி, கூண்டில் ஏறி நிற்க வேண்டும். அவள் மலையில் பாடிய பாட்டை, அவளுக்கு வந்த கோபத்தை, சிரிப்பை எழுதிக்கொள்ள எந்தத் துறையும் இல்லை. வாக்குமூலமாக மட்டுமே வாழ நாம் பிறக்கவில்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

"எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி எழுதுவார்கள்?" 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் நம்முடையது: 68.54 சதவீதம். பெண்களில் ஏறக்குறைய பத்துக்கு நாலு பேர் எழுத்தறியாதவர்கள். அதனால்தான் குழு வேண்டும். எழுதத் தெரிந்தவள் எழுதட்டும், தெரியாதவள் சொல்லட்டும். கல்லூரிக்குப் போகும் பேத்தி பாட்டி சொல்வதை எழுதட்டும், ஒரு நிபந்தனையோடு: பாட்டியின் பேச்சைத் திருத்தக் கூடாது. அவள் வழக்கில், அவள் சொல்லில், அது தெலுங்கானாலும் கன்னடமானாலும் அப்படியே எழுதி, அவளுக்கே வாசித்துக் காட்டி, சரி என்றபின் வைக்க வேண்டும்.

"எழுதியதை வீட்டில் யாராவது படித்துவிட்டால்?" இது உண்மையான பயம். துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த சல்மா கழிப்பறையில் ஒளிந்து கவிதை எழுதினார் என்பதை நாம் வியந்து வியந்து பேசுகிறோம். வியக்காதீர்கள், வெட்கப்படுங்கள். எத்தனை பேருக்கு அந்த மன உறுதியும் அதிர்ஷ்டமும் வாய்க்கும்? நோட்டுகள் வீட்டுக்குப் போக வேண்டாம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பூட்டு, இரண்டு சாவி. எழுதியதைக் கிழித்துப்போடவும் அவளுக்கு உரிமை உண்டு. வாசிப்பதும் வாசிக்காததும் அவள் இஷ்டம். அவள் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட வாட்ஸாப்பிலோ மலரிலோ வரக் கூடாது.

"எந்தத் தெருவில் கூடுவது?" யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இதுதான். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் தலித் மக்களின் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. ஒரு பெண் தன் விருப்பப்படி திருமணம் செய்தாள் என்பதற்காக எரித்தார்கள். நம் குழுக்களில் மிகப் பல தெரு வாரியாக, அதாவது சாதி வாரியாக இருப்பவை. எழுத்துக் குழுவும் ஊர்த் தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று என்று பிரிந்தால் அதற்குப் பெண்ணியம் என்று பெயர் வைக்காதீர்கள். ஒரே பாயில் உட்கார முடியாத இடத்தில் மனம் திறந்து பேசுவதாவது? காலனிப் பெண்ணின் வீட்டில் ஒரு வாரம் கூட முடியுமா என்பதுதான் முதல் பரீட்சை. அதில் தேறாமல் எழுதும் எல்லாம் வெறும் அலங்காரம்.

இடம் கேட்பது பிச்சை கேட்பது ஆகாது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் நம் மாகாணத்தில்தான் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். ஊர்ப்புற நூலகத்தில் செய்தித்தாள் படிக்க ஆண்கள் உட்காரும் நாற்காலிகளில் பாதி நம்முடையவை. வாரத்தில் ஒரு பிற்பகலைப் பெண்களுக்கு ஒதுக்கு என்று ஊராட்சியிடம் கேளுங்கள், கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அதிகாரி வந்து தொடங்கிவைக்க வேண்டாம், போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், குத்துவிளக்கும் வேண்டாம். குழந்தைகள் வரட்டும், பார்த்துக்கொள்ள முறை வைத்துக்கொள்வோம்.

குழுவின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். சாகலாம் என்று ஒருத்தி எழுதினால் அதற்கு நடை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மனநல ஆலோசனைக்கு 14416, வன்முறைக்கு 181 என்ற எண்களைப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள். கூடவே ஒருத்தி அவளோடு பேருந்தில் ஏறுங்கள். மருத்துவரிடமோ காவல் நிலையத்துக்கோ தனியாகப் போகாமல் இருப்பதற்குத்தானே குழு?

மாணவிகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அம்மாவிடம் "சாப்பிட்டியா" என்பதைத் தவிர ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்வதற்குள் பதில் சொல்லாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மேலே அவர் பெயரை எழுதுங்கள், இன்னாரின் மனைவி என்றோ இன்னாரின் தாய் என்றோ போடாமல், பெயரை மட்டும். பிறகு பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். அடுத்த தெரு அக்காவையும்.