அச்சாரம் கொடுப்பது யார்?

கொடைக்கானலில் ஆண்டுக்கு ஒரு வாரம் எங்கள் பெரியப்பாவுக்குச் சொந்தம். நிலமோ வீடோ அல்ல, ஒரு வாரம். 1992இல், அவர் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், திருச்சியில் ஓர் ஓட்டலுக்கு அழைத்துத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துப் பேசியவர்களிடம் தவணை முறையில் வாங்கியது. டைம்ஷேர் என்பது அப்போது நடுத்தர வர்க்கத்துக்குப் புதிய சொல். உரிமை தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்குச் செல்லும் என்று பத்திரத்தில் இருந்தது. "2091ஆம் வருஷம் எந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போவது?" என்று பெரியம்மா கேட்டதாகக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

ஏழெட்டு முறை போனார்கள். பிறகு பிள்ளைகள் புனேவுக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், பெரியம்மா காலமானார், பெரியப்பாவின் முழங்கால் குளிரைத் தாங்குவதில்லை. ஆனால், போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஏறிக்கொண்டும் இருக்கும். தமக்குப் பிறகு அது பிள்ளைகள் தலையில் விழுமோ என்பதே அவருடைய கவலை. அதை எப்படியாவது கைகழுவ வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த நாளில்தான் தொலைபேசி ஒலித்தது.

வழக்கமாகப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறவள் இன்று இதை ஏன் எழுதுகிறாள் என்று நண்பர்கள் கேட்கலாம். இதிலும் சொற்களைப் பற்றிய ஒரு சங்கதி இருக்கிறது. அது பிறகு.

பேசிய பெண் நல்ல தமிழில், "ஐயா, ஐயா" என்று மரியாதையாகப் பேசினாராம். பெரியப்பாவின் உறுப்பினர் எண், வாங்கிய ஆண்டு, அறையின் வகை எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பெரிய நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களுக்காக இத்தகைய வாரங்களை மொத்தமாக வாங்குகிறது. உங்கள் வாரத்துக்கு ஆறு இலட்சம் தரத் தயார். பதிவுக் கட்டணம் மட்டும் பத்தாயிரமும் வரியும், ஆக 11,800 ரூபாய் கட்டிவிடுங்கள். பணம் வரும்போது அதுவும் திரும்பி வந்துவிடும். கட்டினார். முத்திரை வைத்த ஒப்பந்தம் வாட்ஸப்பில் வந்தது. அவர் பெயருக்கு எடுத்த வரைவோலையின் படமும் வந்தது. அதைக் கையில் கொடுப்பதற்கு முன் ஜி.எஸ்.டி. பதினெட்டு விழுக்காடு, 1,08,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினார். பிறகு விடுதியிலிருந்து தடையின்மைச் சான்று வாங்க 24,000. அதையும் கட்டினார். நான்காவதாக டி.டி.எஸ். என்று அறுபதாயிரம் கேட்டபோது வங்கிக் கணக்கில் அவ்வளவு இல்லை. என்னிடம் கைமாற்றாகக் கேட்டார். அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

மொத்தம் 1,43,800 ரூபாய். நாற்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவர்.

இதைக் கேட்டவர்கள் எல்லாம் தயங்காமல் சொல்லும் ஒரு சொல் 'பேராசை'. எனக்கு அந்தச் சொல்லோடு உடன்பாடில்லை. ஆறு இலட்சத்துக்கு ஆசைப்பட்டிருந்தால் அவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எதிலாவது விழுந்திருப்பார். அவரை இழுத்தது வருத்தம். ஒரு காலத்தில் ஏமாளித்தனமாக வாங்கிவிட்டோமோ என்று முப்பது ஆண்டாக உள்ளே அரித்துக்கொண்டிருந்த ஒன்றை, "இல்லை ஐயா, நீங்கள் வாங்கியது நல்ல பொருள், கேட்டு வாங்க ஆள் இருக்கிறது" என்று ஒரு குரல் சொல்கிறது. மனிதனுக்கு அதைவிட இனிய செய்தி ஏது? ஒருமுறை இழந்தவனிடம்தான் இந்த வியாபாரம் நடக்கும். இழக்காதவனுக்கு இந்தத் தொலைபேசி வருவதே இல்லை.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். பெரியப்பா மணப்பாறைப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா, என் தாத்தா, சந்தையில் மாடு விற்றவர். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரைச் சிறுவயதில் பெரியப்பா பார்த்திருக்கிறார். விலை படிந்தால் வாங்குகிறவன் அச்சாரம் கொடுப்பான். பணம் எண்ணிக் கொடுத்துக் கயிறு கைமாறிய பிறகே தரகனுக்குத் தரகு. மாடு விலைபோகாவிட்டால் தரகன் வெறுங்கையோடு போவான்; அன்றைய உழைப்பு அவன் நஷ்டம். வீட்டுத் தரகரும் பத்திரப் பதிவு நாளில்தான் கை நீட்டுகிறார். விற்கிறவன் முன்கூட்டிப் பணம் கொடுக்கும் ஒரு வியாபாரத்துக்கு நம் மொழியில் பெயரே இல்லை. அப்படி ஒன்று நடந்ததில்லை, ஆகவே பெயரும் பிறக்கவில்லை.

பிடித்தம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டிய தொகையிலிருந்து, கொடுப்பவன் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதே வரிப் பிடித்தம். டி.டி.எஸ். என்பது அதுதான். ஆறு இலட்சம் தருகிறவன் வேண்டுமானால் அதில் பிடித்துக்கொண்டு மீதியைத் தரட்டும். பெறுகிறவன் தன் பையிலிருந்து பிடித்தம் கட்டுவது எப்படி? ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் பிடித்தம் பார்த்தே ஓய்வுபெற்ற மனிதர் அவர். "வரிப் பிடித்தத்தை நீங்கள் முன்னால் கட்டுங்கள்" என்று தமிழில் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். டி.டி.எஸ். சார்ஜஸ், ப்ராசஸிங் ஃபீஸ், என்.ஓ.சி. என்று வந்ததால் தலையாட்டினார். நம் பழைய சொற்களுக்குத் திசை உண்டு. பணம் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போகும் என்பது அச்சாரத்திலும் தரகிலும் பிடித்தத்திலும் அடங்கியிருக்கிறது. 'சார்ஜஸ்' என்பதற்குத் திசை கிடையாது. யார் வேண்டுமானாலும் யாரிடமும் கேட்கலாம். தமிழ்ப்பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை (அதுவும் கொஞ்சம் உண்டு).

"நான் ஒருத்தன்தான் முட்டாளாம்மா?" என்று பெரியப்பா கேட்டார். இல்லை என்று சொல்வதற்கு ஆதாரம் தேடப் போய்த்தான் இந்த மோசடியின் பெரிய அண்ணனைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அது மெக்சிகோவில் இருக்கிறது. புவெர்ட்டோ வயார்த்தா போன்ற கடற்கரை ஊர்களில் டைம்ஷேர் வாங்கிய அமெரிக்கர்கள், கனடாக்காரர்கள் ஏராளம். வயதானதும் விற்க நினைக்கிறார்கள். தொலைபேசி வருகிறது. வாங்க ஆள் தயார். வரியும் பதிவுச் செலவும் முன்னால் கட்டுங்கள். இதை நடத்துவது தெருமுனை எத்தர்கள் அல்லர், ஹாலிஸ்கோ மாநிலத்தின் பெயரைத் தாங்கிய போதைமருந்துக் கும்பல் என்கிறது அமெரிக்க அரசு. 2023 மார்ச்சில் அந்நாட்டு நிதித்துறை இதற்காக எட்டு மெக்சிகோ நிறுவனங்களின் மீது தடை விதித்தது. அதன் பிறகும் பலமுறை. 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ ஆறாயிரம் அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட முப்பது கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் வெளியான அரசு அறிவிப்பு சொல்கிறது. வெட்கப்பட்டு வாய் திறக்காதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. விடுதிகளுக்குள் இருக்கும் கையாட்களே உரிமையாளர் பட்டியலைக் கும்பலுக்குக் கொடுக்கிறார்களாம். பெரியப்பாவின் உறுப்பினர் எண் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கும் இத்தகைய விடை ஏதாவது இருக்கக்கூடும்.

அதில் இன்னொரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. 2023 மே மாதம் குவாதலஹாரா நகரை ஒட்டி, இத்தகைய அழைப்பு மையம் ஒன்றில் வேலை பார்த்த இளைஞர்கள் சிலர் காணாமல் போனார்கள். பிறகு அவர்களுடைய உடல்கள் பைகளில் கிடைத்தன. வேலையை விட முயன்றார்கள் என்றும் வேறு காரணம் என்றும் சொல்கிறார்கள். பெரியப்பாவிடம் "ஐயா" என்று பேசிய பெண்ணின் மீது அதுவரை எனக்கு வெறும் கோபமே இருந்தது. இன்றும் கோபம் போகவில்லை. ஆனால், எங்கே உட்கார்ந்து யாருக்குப் பயந்து அவள் அதைப் பேசினாளோ என்ற நினைவும் கூடவே வருகிறது.

சரி, இத்தகைய வாரத்தை வைத்திருப்பவர் என்னதான் செய்வது? முதலில் ஒரு கசப்பை விழுங்க வேண்டும். பழைய டைம்ஷேருக்குப் பெரும்பாலும் மறுவிற்பனை மதிப்பு என்று ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில் இணையச் சந்தைகளில் ஒரு டாலருக்குக் கூட விற்பனைக்கு வைக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணத்தை இன்னொருவர் ஏற்றுக்கொண்டால் போதும் என்ற நிலை. நம் ஊரிலும் பல ஒப்பந்தங்கள் தங்கும் உரிமையை மட்டுமே தருகின்றன, சொத்தை அல்ல. ஆகவே நாம் தேடாமலே ஒருவர் வந்து, வாங்கியதைப் போலப் பல மடங்கு தருகிறேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். இந்தக் கசப்பை விழுங்கியவரை எந்தக் குரலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான். இதைச் சொல்லும்போதுதான் பெரியப்பாவின் முகம் வாடியது.

அடுத்து, பழைய பத்திரத்தை எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் விடுதியின் முகவரிக்கு நாமே எழுத வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ள வழி உண்டா, பெயர் மாற்றலாமா, நிலுவை எவ்வளவு. பெயர்மாற்றத்துக்குக் கட்டணம் உண்டென்றால் அதை மாற்றும்போது விடுதிக்கே நேராகச் செலுத்தலாம். நடுவில் இருக்கும் அந்நியருக்கு அல்ல. வாட்ஸப்பில் வரும் வரைவோலைப் படத்துக்குக் காகித மதிப்புகூட இல்லை. தரகர் வேண்டுமென்றால் விற்ற பிறகு தரகு வாங்குகிறவராகப் பார்த்துப் பிடியுங்கள். மற்றவரிடம் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்." நாணயமான தரகருக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை.

விற்க வேண்டாம், வாடகைக்கு விடலாம் என்று வருகிறவர்களுக்கும் இதே அளவுகோல்தான். வாடகை என்பது தங்க வருகிறவர் தருவது. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். கொடுத்துவிட்டீர்களா, அப்போதும் உட்கார்ந்து அழ வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு பாய்வதற்குள் நிறுத்திவைக்க அதில் வழி இருக்கிறது. நாள் கடந்தால் வாய்ப்பும் கரைகிறது. பெரியப்பா விஷயத்தில் ஏழு வாரம் கடந்திருந்தது. புகார் பதிவாகி எண் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். விடுதியோடு உள்ள வழக்கு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

மெக்சிகோ அறிவிப்பில் ஒன்றைப் படித்து, வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். முதல் மோசடி முடிந்து சில மாதங்களில் இரண்டாவது தொடங்கும்: வழக்கறிஞர் போலவோ அரசு அதிகாரி போலவோ பேசி, இழந்ததை மீட்டுத் தருகிறோம், அதற்குக் கட்டணம் இவ்வளவு என்பார்கள். அதே பட்டியல், அதே கும்பல். தைப் பொங்கல் கழிந்து நான்காம் நாள் அது வந்தது. இந்த முறை ஆண் குரல். டெல்லியிலிருந்து என்று ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறியது. நான் பக்கத்தில் இருந்தேன். பெரியப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "மீட்கிற பணத்தில் உங்கள் தரகைக் கழித்துக்கொண்டு மிச்சம் கொடுங்கள் சார், போதும்" என்றார். அப்படிச் செய்ய விதி இடம் கொடுக்காது என்றது குரல். "அப்படியானால் எங்கள் சந்தையிலும் இடம் கிடையாது" என்று வைத்துவிட்டார். வைத்த பிறகு கை நடுங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் கேட்டார்.

மகனிடம் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால்தான் இதில் ஊரையும் பெயரையும் மழுப்பியிருக்கிறேன். தெரிந்தவர்கள் தெரியாததுபோல் இருந்துவிடுங்கள். விடுதிக்குப் பதிவுத் தபாலில் எழுதி ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. இந்த ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டண அறிவிப்பு மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.