வாடகை வாங்குவோர் கடமை

யாழ்ப்பாணத்து வீடு வெறும் முதலன்று. பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும் உரிமை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்கு முன்னும் பின்னும் உரிமையாளர் பலர் கடல் கடந்தனர். அவர்தம் வீடுகள் பலவற்றின் வாடகை இன்று தவறாது வெளிநாடு செல்கின்றது. மாரியில் ஒழுகும் ஓட்டை மாற்றவோ, கறையான் அரித்த வளையை நீக்கவோ ஒரு சதமும் திரும்பி வருவதில்லை. இது முறையா?

குடியிருப்போர் மட்டுமா இழப்பவர்? இன்று நாலு ஓட்டுடன் முடியும் வேலை நாளை கூரை முழுவதையும் விழுங்கும். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. உரிமையாளரை மறுத்து ஒருவர் பத்தாண்டு இடையறாது ஆண்டால், 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி ஆட்சியுரிமை கோரலாம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தந்த சலுகை, 1983 மே முதல் 2009 மே வரையிலான போர்க்காலத்துக்கே உரியது. அதன் பின்னர் உறங்கியோருக்கு அதிலே புகலிடமில்லை.

வாய்ச்சொல்லை நம்பிச் சாவியைக் கொடுப்பது போதாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையாயின் நொத்தாரிசு முன் உறுதி முடித்திடுக. வாடகைக்குப் பற்றுச்சீட்டு வழங்குக. ஆண்டுக்கு இரு மாத வாடகையை வீட்டுத் திருத்தத்துக்கே ஒதுக்குக. அந்தச் செலவுக் கணக்கு நாளை நீதிமன்றில் உங்கள் உரிமைக்குச் சான்று பகரும். பேணாத வீடு கூரையை மட்டுமன்று, உரிமையையும் இழக்கும்!