தட்டத்தில் உறையும் பாடம்
2018-இல் கே. சிவன், 2025-இல் வி. நாராயணன் என இஸ்ரோவின் தலைமைக்குக் குமரி மாவட்டம் இருவரைக் கொடுத்துவிட்டது. இருவருமே தமிழ்வழியில் பள்ளி படித்தவர்கள். அதே மாவட்டத்தின் தக்கலைப் பிள்ளைகளுக்கும் அதில் பெருமைதான். ஆனாலும் அறிவியல் வகுப்பில் முதலில் எழும் கேள்வி, "சார், இது பரீட்சைக்கு வருமா?" அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையில் ஒரு பையனின் கண்முன்னே தட்டத்து ரப்பர் பாலில் அவன் அப்பா நீர்த்த ஆசிட்டை ஊற்றிக் கலக்குகிறார், நுரையை வழித்து எறிகிறார். பால் திரண்டு உறைகிறது. ஊற்றியது ஃபார்மிக் அமிலம். துகள்களை விலக்கி வைத்திருந்த மின்சுமையை அது குலைத்துவிடுகிறது. பத்து மணிக்கு அதே பையன் கரிம அமிலங்களின் பட்டியலை நெட்டுருப் போடுகிறான். மூக்கில் ஏறிய நெடியைப் பற்றி யாரும் அவனிடம் விசாரிப்பதில்லை. ஆய்வக அலமாரிக்கோ பூட்டு (குடுவை உடைந்தால் யார் பதில் சொல்வது?). பிள்ளைக்கு அறிவியலில் நாட்டமில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் புகார் வாசிப்பவர்கள், ஒருநாள் ரப்பர் வெட்டும் அப்பாவையே வகுப்புக்கு அழைக்கலாமே.